நாற்பத்தைந்தின் வாசல்

தேவிபட்டினத்துக் கடலில் நிற்கும் நவபாஷாணத்தை வலம்வந்தால் கிரக தோஷம் நீங்கும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. ஆனால் அந்த ஒன்பது கற்களையும் எத்தனை முறை சுற்றினாலும், பட்டப் பரீட்சையில் வாங்கிய 44 சதவீதம் 45 ஆகிவிடாது என்பதை வக்கீலாக விரும்பும் அவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நலம்.

இந்திய பார் கவுன்சில் 2008-ல் வகுத்த சட்டக்கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு வருகிறவர் முந்தைய பட்டத்திலும், ஐந்தாண்டுப் படிப்புக்கு வருகிறவர் பிளஸ் டூவிலும் பொதுவாக 45 சதவீதமாவது பெற்றிருக்க வேண்டும். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40 போதும். அந்த எல்லையும் விண்ணப்பிப்பதற்கான யோக்கியதையே அன்றி இடத்துக்கு உரிமை அன்று.

அமெரிக்காவில் பட்ட மதிப்பெண்ணோடு பெரும்பாலும் எல்சாட் என்னும் பரீட்சையின் மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள் என்றாலும், மதிப்பெண் ஏன் குறைந்தது என்று தனிக்கடிதம் எழுதி இணைக்க மாணவனுக்கு இடமுண்டு. நம் அரசு சட்டக் கல்லூரிகளிலோ நுழைவுத் தேர்வே கிடையாது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை வகுக்கிறது. தகப்பனார் நோயில் கிடந்ததும், படகு கடலுக்குப் போகாத மாதங்களில் பையன் கூலிக்குப் போனதும் அந்தப் பட்டியலில் ஏறுவதில்லை. கொடிதுதான், ஆயினும் சிபாரிசு நுழைய இடுக்கில்லை என்ற மட்டில் எனக்கு அதில் திருப்தியும் உண்டு.

பட்டியல் ஒன்றல்ல, பல என்பதைத்தான் குறைந்த மதிப்பெண்காரர் மறக்கலாகாது. 69 சதவீத இட ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 என்று பிரிந்திருப்பதால், ஒரு பிரிவில் கைநழுவும் மதிப்பெண் மற்றொன்றில் கைகொடுக்கக் கூடும். சாதிச் சான்றிதழைக் கடைசி நாளில் தேடுவது பெரும் பேதைமை. 2017-ல் இராமநாதபுரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது என்பதற்காக அதையொன்றையே நம்பியிராமல், வெளியூர்க் கல்லூரிகளையும் விருப்பத்தில் குறிப்பது விவேகம்.

பழைய மதிப்பெண் எல்லையை மட்டும் தாண்டியவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் ஐந்தாண்டுப் படிப்புக்கு, கிளாட் என்ற பரீட்சையின் மதிப்பெண்ணே தரவரிசைக்கு ஆதாரம். இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். தவறொன்றுக்குக் கால் மதிப்பெண் கழியும்.

காந்தியடிகள் 1887-ல் மெட்ரிக்குலேஷனில் பெற்றது 625-க்கு 247½. 40 சதவீதம்கூட இல்லை. இன்றைய வாசலில் அவரும் நின்றுபோயிருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது. 1891 ஜூன் 10-ல் லண்டனில் பாரிஸ்டரானவர் அவர். இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட வேண்டாம்.

கட்டணம் கட்டுமுன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரே வாங்கிய பட்டத்தைப் பார் கவுன்சில் விதி ஏற்பதில்லை.