வாலிபரும் டெஸ்டோஸ்டெரோன் ஊசியும்

ஆண்மகனுக்குக் குரல் தடித்தல், மீசை அரும்புதல், தசை உரம் பெறுதல் ஆகியவற்றை உண்டாக்கும் ஹார்மோன் டெஸ்டோஸ்டெரோன் எனப்படும். 1935-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இதனைக் காளைகளின் விரைகளிலிருந்து பிரித்தெடுத்தனர். அவ்வாண்டிலேயே பூட்டெனாண்ட், ருஸிச்கா ஆகிய இருவரும் தனித்தனியே இதனை ஆய்வுக்கூடத்தில் தயாரித்தனர். இச்சுரப்புக் குறைந்தவர்களுக்கு இதனை ஊசி மூலமாகவோ களிம்பாகவோ அளிப்பது இன்று நன்கு நிலைபெற்ற சிகிச்சையாகும்.

ஆயினும், இச்சிகிச்சையை நாடும் வாலிபர் முதலில் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இரு ஹார்மோன்களை அனுப்பி விரைகளை இயக்குகிறது. இரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோன் போதிய அளவு இருப்பின், தொட்டி நிறைந்ததும் மிதவை குழாயை அடைப்பது போல, அச்சுரப்பி தன் ஏவலைக் குறைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து ஊசி ஏற்றினாலும் விளைவு இதுவே. விரைகள் தொழில் குன்றிச் சிறுக்கும். விந்தணு விளைவதற்கு விரையினுள் இரத்தத்தில் இருப்பதைப் போலப் பன்மடங்கு டெஸ்டோஸ்டெரோன் தேவை; ஊசி இரத்தத்தை நிரப்புமேயன்றி இதனை ஈடு செய்யாது. வீரியத்துக்கென்று போடப்படும் மருந்து மகப்பேற்றைத் தடுப்பது இவ்வாறுதான்.

இதனைக் கருத்தடை முறையாகவே உலக சுகாதார ஸ்தாபனம் சோதித்தது. 1990-இல் வெளியான அச்சோதனையில், ஆரோக்கியமான 271 ஆண்களுக்கு வாரந்தோறும் 200 மில்லிகிராம் வீதம் ஊசி போடப்பட்டது. விந்தணு அறவே அற்றுப்போன 157 பேர் அவ்வூசியை மட்டுமே நம்பி ஓராண்டு இருந்தபோது, ஏற்பட்ட கர்ப்பம் ஒன்றே. ஊசியை நிறுத்தினால் விந்தணு பெரும்பாலும் மீளும். ஆனால் அதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். இடைக்காலத்தில் பிள்ளையில்லாப் பழி மனைவியின் தலையில் விழுவது நம் நாட்டு வழக்கம்.

சோர்வு ஒன்றையே கொண்டு இக்குறையைத் தீர்மானித்தல் தவறு. உறக்கமின்மை, உடற்பருமன், நீரிழிவு, மனக்கவலை ஆகியவையும் சோர்வு தரும். இரு வேறு நாட்களில் காலை வேளையில் இரத்தப் பரீட்சை செய்வித்தல் வேண்டும். ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் குறைவாயிருப்பதைப் பல வைத்தியர்கள் குறைவெனக் கொள்வர். பின்னர் பிட்யூட்டரி ஹார்மோன்களையும் அளந்து, பழுது எங்கே என்று காண்பர். பிறவிக் கோளாறாகிய கிளைன்ஃபெல்டர் நிலை, பருவமடைந்தபின் கண்ட பொன்னுக்கு வீங்கி, அடிபடுதல் முதலியவற்றால் விரையே கெட்டிருப்பின் டெஸ்டோஸ்டெரோன் தகுந்த மருந்துதான். பலருக்கு அது ஆயுள் முழுதும் தேவைப்படும். சிறிதளவேனும் விந்தணு இருப்பின், முன்னதாகவே அதனைச் சேமித்து வைக்கலாம். பழுது பிட்யூட்டரியில் இருப்பின், அதன் ஹார்மோன்களையே ஊசியாக அளித்து, டெஸ்டோஸ்டெரோனையும் விந்தணுவையும் ஒருங்கே பெருக்க இயலும். இவ்வேறுபாட்டை அறியாமல் மருந்துக் கடையிலோ உடற்பயிற்சிக் கூடத்திலோ ஊசி பெறும் இளைஞர், எளிதில் கிடைத்திருக்கக்கூடிய பரிகாரத்தை இழக்கிறார்.

புத்தலப்பட்டைச் சுற்றியுள்ள கிராமத்தார்க்குத் திருப்பதியிலுள்ள ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞானக் கழகத்திலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் சுரப்பிநோய்ப் பிரிவுகள் உள்ளன. அங்கு செல்பவர் பின்னாளில் குழந்தை வேண்டுமா என்பதைக் கூச்சமின்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; வைத்தியர் தேர்ந்தெடுக்கும் மருந்து அவ்விடையைப் பொறுத்தே மாறும். சிகிச்சை தொடங்கியபின் இரத்தம் மிகுதியாகத் தடித்துவிடக் கூடுமாதலால், குறித்த காலங்களில் அதனைப் பரீட்சிப்பதும் அவசியம்.