முதுமைக்கு ஒரு கூரை: கடலோரக் குடியிருப்பும் கைத்தறியாளர் கணக்கும்

சென்ற ஐப்பசி மழைக்குச் சில நாட்கள் முன்னர், பரமக்குடியை அடுத்த எமனேஸ்வரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தேன். ஐம்பத்தெட்டு வயதான அங்கத்தினர் ஒருவர் அருகில் வந்து நின்றார். நாற்பது ஆண்டுகளாகப் பட்டும் பருத்தியும் கலந்த சேலை நெய்து வருபவர்.

"ஐயா, அறுந்த பாவிழையை எடுத்து முடிபோடக் கண் தெரியவில்லை. வீட்டை விற்றுவிட்டு இராமேஸ்வரம் பக்கம் கடலோரமாக ஒரு சிறு இடம் வாங்கி, நானும் அவளுமாகக் கடைசிக் காலத்தைக் கழிக்கலாமென்று இருக்கிறோம். கட்டுப்படியாகுமா?" என்றார்.

இதே எண்ணம் கொண்ட அங்கத்தினர்கள் நம்மிடையே பலர் உளர். ஆகவே அவருக்குச் சொன்ன விடையை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

வருவாய் எங்கிருந்து வரும்?

முதலில் நோக்கத்தக்கது சங்கத்துச் சேமிப்பு. கூட்டுறவுக் கைத்தறி நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் தமிழ்நாட்டில் 1975இல் தொடங்கப்பெற்றது. நெசவாளர் பெறும் கூலியில் ரூபாய்க்கு 8 பைசா அவர் பங்கு. அரசு தருவது 4 பைசா. மாதம் 8,000 ரூபாய் கூலி பெறுபவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் செலுத்துவது 640, அரசு சேர்ப்பது 320, ஆக 960. ஓராண்டில் 11,520. இருபது ஆண்டுகளில், வட்டியைச் சேர்க்காமலே, 2,30,400 ரூபாய் ஆகிறது.

நம் அங்கத்தினரின் கணக்கைப் புரட்டிப் பார்த்தோம். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. காரணம் எளிது. ஆண்டில் பல மாதங்கள் அவர் வெளி வியாபாரிக்கு நெய்திருக்கிறார். அங்கே கைக்குக் கூலி உடனே வந்தது. ஆனால் அந்தக் கூலிக்கு எட்டுப் பைசாவும் இல்லை, நான்கு பைசாவும் இல்லை. சங்கப் புத்தகத்தில் ஏறாத கூலி முதுமையில் துணைக்கு வாராது என்பதை அவர் அன்றுதான் உணர்ந்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

இரண்டாவது, சேர்ந்த தொகையை என் செய்வது என்பது. அறுபது வயது நிறைந்தவர் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இடலாம். 2023 ஏப்ரலில் இதன் வட்டி 8.2 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. புதிய முதலீடுகளுக்குரிய விகிதத்தை அரசு அவ்வப்போது மாற்றும். ஆயினும் பணம் இடும் நாளில் உள்ள விகிதமே அந்த ஐந்தாண்டுக்கும் நிலைக்கும். 8.2 விழுக்காட்டில் 2,30,000 ரூபாய்க்கு மூன்று மாதத்துக்கொரு முறை 4,715 ரூபாய் கிடைக்கும். மாதக் கணக்கில் ஏறக்குறைய 1,570.

மூன்றாவது, அரசு உதவித்தொகை. ஆதரவற்ற முதியோருக்கு 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தமிழ்நாட்டில் தொடங்கிய உதவி 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஆயின் இது தகுதி ஆராய்ந்து வழங்கப்படுவதாதலால், வருமென்று நம்பி வீட்டை விற்பது தகாது.

இளைய அங்கத்தினர்களுக்கு வேறு வழிகளும் உள. 2015இல் வந்த அடல் பென்ஷன் யோஜனாவில் 18 முதல் 40 வயது வரை, வருமான வரி செலுத்தாதோர் சேரலாம். அறுபதுக்குப்பின் மாதம் 3,000 ரூபாய் பெற, முப்பது வயதில் சேருபவர் மாதம் 347 ரூபாய் கட்டுகிறார்; நாற்பதில் சேருபவரோ 873 ரூபாய் கட்ட வேண்டும். பத்தாண்டுத் தாமதத்தின் விலை இது. கணவர் மறைந்தால் மனைவிக்கு அதே தொகை தொடரும். மிளகாயும் பருத்தியும் பயிரிடும் நம் விவசாய அங்கத்தினர்கள், இரண்டு ஹெக்டேருக்கு மேற்படாத நிலமுடையோராயின், 2019இல் தொடங்கிய பிரதம மந்திரி கிசான் மான்தன் திட்டத்தையும் கவனிக்கலாம். வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை செலுத்தினால் மத்திய அரசும் அதே அளவு செலுத்தும்; அறுபதில் மாதம் 3,000 ரூபாய் ஓய்வூதியம்.

கடலோரம் எத்தகைய இடம்?

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் ஆகிய ஊர்களில் காற்று இனிது, கோயில் அண்மையில், மீன் மலிவு. ஆனால் முதியவர் மூன்று செய்திகளை நேரில் அறிய வேண்டும்.

முதலாவது தண்ணீர். பல இடங்களில் கிணற்று நீர் உவர்ப்பு. குழாய் நீர் எத்தனை நாளைக்கொரு முறை வருகிறதென்று தரகரைக் கேளாமல் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கேளுங்கள்.

இரண்டாவது மருத்துவம். பெரிய நோய்க்கு இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே வர வேண்டும். அக்கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. இராமேஸ்வரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பழைய பாம்பன் ரயில் பாலம் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரை தீவுக்கு ரயில் இல்லை. சாலைப் பாலம் ஒன்றே வழியாயிருந்தது.

மூன்றாவது புயல். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் தனுஷ்கோடி அழிந்ததை நம் முதியோர் மறந்திலர். கடலுக்கு மிக அண்மையில் கட்டுவதற்குக் கடலோர ஒழுங்குமுறை விதிகளின் தடையும் உண்டு. நம் அங்கத்தினருக்குத் தரகர் காட்டிய மலிவான மனைக்குப் பட்டா கேட்டோம், இன்றுவரை வரவில்லை.

ஆகவே நான் கூறியது இது: வீட்டை விற்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள். மழையில் பிடித்த இடம் வெயிலிலும் பிடிக்கும்.

பத்திரத்தில் எச்சரிக்கை

கடலோரம் போகுமுன் இருக்கும் வீட்டைப் பிள்ளைகளுக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிக் கொடுப்போர் உளர். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, 23ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிப்புத் தவறினால் தீர்ப்பாயம் இரத்துச் செய்யலாம். அந்நிபந்தனையை வாய்ச்சொல்லாக விடாது பத்திரத்திலேயே எழுதுவது நலம். உயிலோ, எழுதியவர் இறந்த பின்னரே செல்லுபடியாகும். உயிரோடுள்ளவரை மாற்றவும் கூடும். ஐயமுள்ளோர் பரமக்குடி கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்தறியலாம்.

சங்கம் செய்யக்கூடியது

2004 டிசம்பர் 26இல் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின், ஹெல்ப்பேஜ் இந்தியா நிறுவனம் கடலூர் மாவட்டத்தில் தாமரைக்குளம் என்னும் முதியோர் கிராமத்தை அமைத்தது. கடலோர ஊர்களில் முதியோர் சுய உதவிக் குழுக்களையும் ஏற்படுத்தியது. முதியவர் கூடி வாழ்ந்தால் செலவு குறையும், தனிமை நீங்கும் என்பதே அதன் பாடம். நம் சங்கங்கள் அவ்வளவு பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை. ஐம்பது வயது நிறைந்த அங்கத்தினர் பட்டியலை ஆண்டுதோறும் நிர்வாகக் குழு முன் வைத்து, ஒவ்வொருவர் சேமிப்பையும் நியமனதாரர் பெயரையும் சரிபார்த்தாலே பெரும் பணி.

மேற்படி அங்கத்தினரும் மனைவியும் மழைக்காலம் முழுவதும் தங்கச்சிமடத்தில் வாடகை அறையில் இருந்தார்கள். தை பிறந்ததும் திரும்பினார்கள். அம்மையாருக்கு மூட்டுவலி குறைந்ததாம். குடிநீருக்கோ குடம் மூன்று ரூபாய் கொடுத்தார்களாம். வீடு விற்கவில்லை, முன்கட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். ஆண்டில் நான்கு மாதம் கடலோரம், மீதி எமனேஸ்வரம் என்பது இப்போதைய ஏற்பாடு. கண் அறுவை செய்துகொண்டபின், எளிய ரகச் சேலை மட்டும் நெய்து, கூலி முழுவதையும் சங்கப் புத்தகத்தில் ஏற்றி வருகிறார்.

அடுத்த கூலிப் பட்டுவாடா நாளன்று ஒவ்வோர் அங்கத்தினரும் தம் சேமிப்புப் பாஸ்புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.