இடிசலில் விளையும் ஜல்லி

வேலூரைத் தாண்டிப் பெங்களூர்ச் சாலையில் ஆம்பூரை நோக்கிச் செல்வோர் வழியில் காணும் மாதனூர், பாலாற்றை நம்பி வாழ்ந்து, பின்பு அந்த ஆற்றின் மணலையே வாரி வீடு கட்டிக்கொண்ட பிரதேசத்தைச் சேர்ந்தது. இன்று மணலுக்குப் பதிலாகக் குன்றுகளை உடைத்து எம்-சாண்டும் ஜல்லியும் எடுக்கிறோம். அதே வேளையில், இடித்த கட்டடங்களின் சிதிலங்களை, 'ரப்பீஸ்' என்று அலட்சியமாகப் பெயரிட்டு, ஏரிக்கரையிலும் ஓடைப் பள்ளத்திலும் கொட்டி வருகிறோம்.

உடைந்த செங்கல்லைச் சுண்ணாம்போடு சேர்த்து மொட்டைமாடியில் தளம் போட்ட நம் கொத்தனார்களுக்கு, ஒரு கட்டடத்தின் மிச்சம் மற்றொன்றுக்கு உதவும் என்பது புது விஷயமன்று. இப்போதைய முறையில், கான்கிரீட் துண்டுகளைக் கிரஷரில் நொறுக்கி, காந்தத்தால் கம்பியைப் பிரித்து, சலித்து, மண் போகக் கழுவி ஜல்லியாக்குகிறார்கள். டில்லியில் புராரி நிலையம் 2009-இலேயே இதைத் தொடங்கியது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும், நாளொன்றுக்கு 400 டன் கையாளத்தக்க நிலையங்கள் அமைந்துள்ளன. ஆனால் இடிசல் கனத்த சரக்கு; வெகுதூரம் ஏற்றிப்போனால் வண்டிச் சத்தமே அதன் விலையை விழுங்கிவிடும் ஆகையால், இது அந்தந்த வட்டாரத்திலேயே நடக்கவேண்டிய காரியம்.

இந்த ஜல்லியில் பழைய காரை ஒட்டிக்கொண்டிருப்பதால், அது புதுக்கல்லைவிட அதிகமாக நீரை உறிஞ்சும். முன்கூட்டி நனைக்காமல் கலவையில் இட்டால், சிமெண்டுக்கு வேண்டிய ஜலத்தை அது குடித்துவிட, கலவை இறுகிப்போகும், மேஸ்திரியோ மேலும் நீர் ஊற்றிப் பலத்தைக் கெடுப்பார். 2016-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 383 என்னும் இந்தியத் தர விதி, இதையெல்லாம் உத்தேசித்தே, கம்பியில்லாத கான்கிரீட்டில் ஜல்லியில் 25 சதவீதமும், எம்25 தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதமும், எம்15-க்குக் குறைந்த அடித்தளக் கலவையில் முழுமையுமாக இதை அனுமதித்திருக்கிறது. செங்கல் கலந்த இடிசலுக்கோ அடித்தளக் கலவை ஒன்றுதான் கதி.

தோல் பதனிடும் நம் பிரதேசத்துக்கு மட்டும் ஒரு விசேஷ எச்சரிக்கை உண்டு. தோல் அழுகாதிருக்க உப்பிட்டு அடுக்குவதும், பின்னர் அந்த உப்பைத் தொட்டியில் ஊறவைத்துக் கழுவுவதும் தலைமுறை தலைமுறையாக நடந்த கூடங்களில், தரையும் சுவரும் உப்பில் ஊறியிருக்கும். அவற்றை இடித்துக் கம்பிக் கான்கிரீட்டில் இட்டால், குளோரைடு கம்பியைத் துருவேற்ற, பருத்த துரு கான்கிரீட்டைப் பிளந்துவிடும். கம்பிக் கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு கூடாதென்று ஐ.எஸ். 456 வரையறுத்திருக்கிறது. தோல் பதனிட இட்ட குரோமியம் படிந்த இடிசலைப் பரிசோதிக்காமல் வெளியே அனுப்புவதும் உசிதமன்று. தோல் தொழிலின் கழிவால் பாலாறு பட்ட பாட்டை 1996-இல் உச்ச நீதிமன்றமே விசாரித்துத் தீர்ப்புரைக்க நேர்ந்தது.

என் அபிப்பிராயத்தில், தொல்லை யந்திரத்தில் இல்லை, இடிக்கும் முறையில் இருக்கிறது. கதவு நிலையும் கம்பியும் விலைபோகின்றன ஆதலால், இடிப்புக் குத்தகைக்காரர் அவற்றை இப்போதே பத்திரமாகத் தனித்தெடுக்கிறார். கான்கிரீட்டுக்கு வாங்குவோர் இல்லாமையால் அது செங்கல்லோடும் மண்ணோடும் குவிகிறது. மாதம் 300 டன்னுக்கு மேல் இடிசல் உண்டாக்கும் பெரிய வேலைகள் அதைப் பிரித்தே வைக்கவேண்டும் என்று 2016-இன் மத்திய விதிகள் கட்டளையிட்டன. நம் ஊர்களில் இடிக்கப்படும் ஓட்டு வீடுகளும் சிறு கிடங்குகளும் அந்த அளவை எட்டுவது அபூர்வம். உள்ளூர்ச் சாலை வேலையின் ஒப்பந்தத்திலேயே, நடைபாதைக் கல்லுக்கும் அடித்தளக் கலவைக்கும் இந்த ஜல்லி இத்தனை பங்கு என்று எழுதிவைத்தால், குத்தகைக்காரர் கான்கிரீட்டையும் கம்பியைப் போலவே தனியே எடுத்துவைப்பார்.