நாற்பது பன்றிகளும் ஓர் உருண்டை மூலையும்

லண்டனுக்குக் கிழக்கே, மெட்வே ஆற்றங்கரையில் நிற்கிறது ராச்செஸ்டர் கோட்டை. அங்கே போனால், பெரிய கோபுரத்துக்குள் நுழையும் முன் அதை ஒருமுறை சுற்றி வாருங்கள். நான்கு மூலைகளில் மூன்று சதுரமாக இருக்கும். தென்கிழக்கு மூலை மட்டும் உருண்டை. 1215-ல் அந்த மூலை இடிந்து விழுந்தது. ஐரோப்பாவில் அப்போது பீரங்கி கிடையாது. அதை வீழ்த்தியவை கடப்பாரை, நெருப்பு, பன்றிக் கொழுப்பு.

1127-ல் முதலாம் ஹென்றி மன்னர் இந்தக் கோட்டையைக் கேன்டர்பரி பேராயரிடம் ஒப்படைத்தார். பேராயர் எழுப்பிய கோபுரத்தின் உயரம் சுமார் 34 மீட்டர். அடிச்சுவரின் கனம் மூன்று மீட்டருக்கும் அதிகம். உள்ளே கோபுரத்தை இரண்டாகப் பிரித்து ஒரு குறுக்குச் சுவர் மேலே போகிறது. அதன் நடுவிலேயே கிணற்றுக் குழாய். எந்தத் தளத்தில் இருந்தாலும் வாளியை இறக்கித் தண்ணீர் எடுக்கலாம். முற்றுகையை எதிர்பார்த்தே கட்டியிருக்கிறார்கள்.

முற்றுகையும் வந்தது. 1215 ஜூனில் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்துக்கு முத்திரையிட்ட ஜான் மன்னருக்கும் பிரபுக்களுக்கும் சில மாதங்களிலேயே போர் மூண்டது. பிரபுக்களின் ஆட்கள் ராச்செஸ்டரைப் பிடித்துக்கொள்ள, அக்டோபரில் மன்னர் படையோடு வந்து வளைத்தார். கல்லெறியும் பொறிகள் ஓயாமல் வேலை செய்தும் கோபுரம் அசையவில்லை. பிறகுதான் அடிவாரத்தைக் குடையத் தொடங்கினார்கள்.

குடைவதற்கு ஏன் மூலை? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். நீண்ட சுவரின் நடுவே அடியில் ஒரு பள்ளம் பறித்தால் சுவர் உடனே விழுந்துவிடாது. மேலே உள்ள பாரம் தானாகவே ஒரு வளைவைப் போலப் பிரிந்து, பள்ளத்தின் இரு பக்கத்து மண்ணிலும் இறங்கிவிடும். மூலையில் அப்படி இறங்க இடமில்லை. இரண்டு சுவர்களின் பாரமும் அங்கே சேர்கிறது. வெளிப்பக்கம் தாங்குவதற்கு எதுவும் கிடையாது. அடிமண் போனால் மூலை அந்தரத்தில் தொங்கும். கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் பெரிய அழுத்தத்தையும் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். தொங்கும் கட்டடத்தில் இழுவிசைதான் வேலை செய்கிறது.

ஆனால் தோண்டுகிறவர்கள் மேலேயே அது விழுந்துவிடக் கூடாதே! அதற்காக, தோண்டத் தோண்ட மரத்தூண்களை முட்டுக் கொடுத்துக்கொண்டே போவார்கள். வேலை முடிந்ததும் சுள்ளியை நிரப்பித் தீ வைத்துவிட்டு வெளியேறுவார்கள். 1215 நவம்பர் 25 அன்று மன்னர் தம் தலைமை நீதி அதிகாரி ஹியூபர்ட் டி பர்க்குக்கு அனுப்பிய உத்தரவு அரசுப் பதிவேட்டில் இன்றும் இருக்கிறது: கோபுரத்தின் அடியில் தீ மூட்ட, சாப்பாட்டுக்கு அவ்வளவாக ஆகாத, நன்றாகக் கொழுத்த நாற்பது பன்றிகளை இரவு பகல் பாராமல் அனுப்பிவை.

கொழுப்பு எதற்கு? ஒரே எடையுள்ள காய்ந்த விறகைவிட அது இரு மடங்குக்கும் மேல் வெப்பம் தரும். தனியாக அது எளிதில் பற்றாது. உருகி மரத்தில் ஊறிவிட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் எரிவதுபோல மரத்தைப் பிடித்துக்கொண்டு எரியும். நல்ல தீயில்கூடக் கனமான மரம் நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் கரியாகும். ஒரு மணி நேரத்தில் சுற்றிலும் மூன்று சென்டிமீட்டர் போகும். தடித்த தூண் முறிய வேண்டுமானால் ஈர மண்ணுக்குள்ளும் தீ அணையாமல் நெடுநேரம் நின்று எரிய வேண்டும்.

மூலை சரிந்தது. அப்போதும் உள்ளே இருந்தவர்கள் பணியவில்லை. குறுக்குச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கி, கோபுரத்தின் மீதிப் பாதியிலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். தங்கள் குதிரைகளையே தின்று தீர்த்திருந்தார்கள். நவம்பர் 30 அன்று பசிதான் அவர்களைச் சரணடைய வைத்தது.

விழுந்த மூலையைத் திரும்பக் கட்டியது ஜானின் மகன் மூன்றாம் ஹென்றியின் ஆட்சியில். அதற்குள் கோட்டைக் கட்டுமானமே வட்டத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. உருண்டைச் சுவரில் துருத்தி நிற்கும் முனை இல்லை. எறியும் கல் நேராக மோதாமல் வழுக்கிப் போக வாய்ப்பு அதிகம். மேலிருந்து பார்க்கும் காவலாளியின் கண்ணுக்குத் தப்பி எதிரி ஒளியும் இடமும் குறைவு.

பன்றிகளை அனுப்பச் சொல்லி உத்தரவு பெற்ற அதே ஹியூபர்ட், மறு ஆண்டே டோவர் கோட்டைக்குள் நின்று பிரெஞ்சு இளவரசர் லூயியின் முற்றுகையைச் சமாளித்தார். லூயியின் ஆட்கள் வடக்கு வாயிலின் அடியைக் குடைந்து அங்கிருந்த கோபுரம் ஒன்றைச் சாய்த்தார்கள். உள்ளே இருந்தவர்கள் உடைப்பை மரக்கட்டைகளால் அடைத்து எதிரியைத் தடுத்தார்கள். போர் ஓய்ந்ததும் அந்த வாயில் நிரந்தரமாக மூடப்பட்டது. புது வாயில் வேறு பக்கத்தில் எழுந்தது. பழைய வாயிலின் முன்னால் நிலத்தடிப் பாதைகளை வெட்டி, கோட்டைக்காரர்கள் எதிரிக்குத் தெரியாமல் வெளியரண் வரை போய்வர வழிசெய்தார்கள். டோவருக்குப் போகிறவர்கள் இன்றும் அந்தப் பாதைகளில் இறங்கி நடக்கலாம்.