ஆலைக்குள் உறங்கியவர்கள்

2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் தோல் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் இடிந்து, அருகிலிருந்த ஆலையில் உறங்கிய 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத் தொழிலாளர்கள். தொட்டியின் தரத்தைக் கேட்கும் நாம், அவர்கள் ஏன் ஆலைக்குள் உறங்கினர் என்றும் கேட்க வேண்டும்.

வெளியூர்த் தொழிலாளிக்கு வாடகையைவிட முன்பணமே பெருந்தடை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம் அதற்கு மூன்று மாத வாடகையை வரம்பாக்குகிறது. ஆனால், இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் வரம்பு பொருந்தாது. பேரம் பேசும் வலிமையற்றவருக்கு அந்த விலக்கே விதி! எழுத்துபூர்வ ஒப்பந்தமும் பதிவும் கட்டாயம்தான். மேஸ்திரியுடன் வந்து ஓர் அறையைப் பலராகப் பகிர்பவருக்கு யார் ஒப்பந்தம் எழுதித் தருவார்?

மத்திய அரசின் 2021 மாதிரிச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வரம்பு விதிக்கிறது. தமிழகம் அதை ஏற்பதோடு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் ஆலை வளாகங்களுக்கு வெளியே தொழிலாளர் விடுதிகளையும் அமைக்க வேண்டும். அச்செலவில் தோல் ஏற்றுமதியாளர்களும் பங்கேற்பதே நியாயம்.