உங்களுக்குத் தெரியுமா? கடல் தாண்டிய கூட்டமும் கூடவே போன காய்ச்சலும்

● 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன நம்மூர்க்காரர்கள் தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை 200 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார்கள். தாகத்துக்குக் குளம், குட்டைதான். முன்னே போன கூட்டம் அசுத்தமாக்கிய தண்ணீரையே பின்னே வந்த கூட்டம் குடிக்க வேண்டியிருந்தது. வாந்திபேதியில் விழுந்தவர்களைப் பாதையோரம் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். ‘கூலிகள்தான் காலராவைக் கொண்டுவருகிறார்கள்’ என்றனர் துரைமார்கள். குடிக்க நல்ல தண்ணீர் இல்லாத பாதையின் மேல் பழி போட யாருக்கு மனம் வரும்?

● பிறகு, ஆட்களை இந்தியக் கரையிலேயே நிறுத்திப் பார்த்து அனுப்பினார்கள். முதலில் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறை முகாம், அதன்பின் மண்டபம். அம்மை குத்தி, சில நாள் அடைத்துவைப்பார்கள். காலரா தொற்றியிருந்தால் பெரும்பாலும் 5 நாளுக்குள் தெரிந்துவிடும் என்பதுதான் கணக்கு. போகும் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை ஒன்று ஆளின் கழுத்தில் தொங்கும். பெயரைவிட அந்த எண்ணுக்குத்தான் மதிப்பு!

● மண்டபத்தில் இன்றும் ‘மண்டபம் கேம்ப்’ என்றொரு ரயில் நிலையம் உண்டு. இலங்கை உள்நாட்டுப் போரின்போது அதே கடல் வழியே அகதிகளாக வந்த இலங்கைத் தமிழர்களுக்கும் மண்டபம் முகாமானது.

● இப்படித் தோட்டங்களுக்குப் போனவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் பெரும்பாலாக உள்ள ‘இந்தியத் தமிழர்’, இலங்கை மக்கள்தொகையில் 1946இல் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பேர். 1981இல் 6 பேர்கூட இல்லை. நோய் காரணமல்ல, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகச் சொன்ன 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம்தான் முக்கியக் காரணம்.

● 2016இல் இலங்கை மலேரியா ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் நோயைப் பரப்பும் கொசு அங்கிருந்து போய்விடவில்லை. 2018 டிசம்பரில், இந்தியாவிலிருந்து வேலைக்குப் போன ஒருவர் வழியாக அங்குள்ள ஒருவருக்குத் தொற்றியது. உடனே கண்டுபிடித்ததால் அதோடு நின்றது. ஆகவே, இலங்கைக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். ‘இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன்’ என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.