ஏரியில் படகுச் சவாரி: சட்டம் தில்லியில், பொறுப்பு மாநிலங்களிடம்

புது தில்லி: பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு அருகிலுள்ள அல்சூர் ஏரி முதல் தேக்கடி வரை, தொடர் விடுமுறை வந்தால் மக்கள் திரளும் நீர்நிலைகள் பல. அங்கு படகில் ஏறுவோரின் உயிருக்கு யார் பொறுப்பு?

2009 செப்டம்பர் 30-இல் தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். 2023 மே 7, ஞாயிறு மாலை கேரளத்தின் தானூரில் 22 பேர் பலியாயினர். 2024 ஜனவரி 18-இல் வதோதராவின் ஹர்னி ஏரியில் 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் மாண்டனர். பிந்தைய இரு படகுகளிலும் அளவுக்கு மீறி ஆள்கள் ஏற்றப்பட்டிருந்தனர்.

1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, உள்நாட்டுக் கலங்கள் மசோதா 2021 ஜூலை 29-இல் மக்களவையிலும், ஆகஸ்ட் 2-இல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. பெகாசஸ் விவகார அமளிக்கிடையே விரிவான விவாதம் நடைபெறவில்லை. ஏரியில் ஓடும் இயந்திரப் படகுகளுக்கும் ஆய்வு, பதிவு, காப்பீடு ஆகியவற்றை அச்சட்டம் வலியுறுத்துகிறது. இயக்குவோருக்குத் தகுதிச் சான்று வேண்டும். ஆனால், அவற்றைச் செயல்படுத்த வேண்டியவை மாநில அரசுகளே. துடுப்புப் படகுகளைக் கண்காணிக்கும் பணியை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கவும் சட்டம் இடமளிக்கிறது.

தானூர், வதோதரா விபத்துகள் இரண்டும் புதிய சட்டம் நிறைவேறிய பின்னரே நிகழ்ந்தன என்பது குறிப்பிடத்தக்கது.